தேயிலை வரியிலிருந்து விஸ்கி வரி வரை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போராட்டம் என்றவுடன் பலருக்கும் பாஸ்டன் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். 1773 டிசம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடியினரைப் போல வேடம் போட்டுக்கொண்ட ஒரு கூட்டம் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது. வரிச்சுமை தாங்காமல் மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. விலை குறைகிறபோது கலகம் எதற்கு?

இதில் நம் நாட்டுக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. 1770ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம், ஓயாத போர்ச் செலவு, அதிகாரிகளின் சுருட்டல், 1772இல் ஐரோப்பாவைப் பிடித்த கடன் நெருக்கடி எல்லாம் சேர்ந்து கம்பெனியின் கழுத்தை நெரித்தன. லண்டன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக, அது அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ள நாடாளுமன்றம் வழிவிட்டது. பிரிட்டனில் செலுத்தவேண்டிய தீர்வையையும் விட்டுக்கொடுத்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் வசூலிக்கும் வரியை, அதாவது ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸை மட்டும் விடவில்லை. டச்சுத் தேயிலையைக் கடத்திவந்து விற்றுக்கொண்டிருந்த வணிகர்களுக்கு இதனால் வயிற்றெரிச்சல் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் மலிவுத் தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்த மூன்று பென்ஸையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். தாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பாத ஒரு சபை தங்கள் மடியில் கைவைக்கலாமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1765இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தபோதும் இதையே கேட்டார்கள். பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி என்ற அந்தச் சட்டம் ஓராண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தது. எட்டாண்டுப் போருக்குப் பிறகு 1783இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. நான் இன்று பேச வந்தது இந்தப் போர்க்களக் கதையை அல்ல. வரி விதிக்க நீ யார் என்று அரசரைக் கேட்டவர்கள், தங்களுக்கென்று ஓர் அரசை அமைத்தபோது அதே கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதைத்தான் பேசப்போகிறேன். அந்தப் பதில் கிடைக்கப் போரைவிட அதிகக் காலம் பிடித்தது.

போரை நடத்தியது பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், அதாவது மாநிலங்களின் பிரதிநிதிகள் சபை. படை திரட்டலாம், தூதர்களை அனுப்பலாம், கடன் வாங்கலாம். வரி மட்டும் விதிக்க முடியாது. கையில் காசில்லாத அரசு என்ன செய்யும்? நோட்டு அடித்தது. 20 கோடி டாலருக்கும் மேல் அடித்தது. 1780இல் காங்கிரஸே தன் நோட்டுகள் நாற்பதுக்கு வெள்ளி டாலர் ஒன்றுதான் மதிப்பு என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் அதுவும் போய், நோட்டு வெறும் காகிதமாயிற்று. அந்தக் காகிதத்தில் சம்பளம் வாங்கிய சிப்பாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1777–78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டார்கள். அங்கே ஒரு சண்டையும் நடக்கவில்லை. டைபஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, போதாத உணவு, போதாத துணி ஆகியவையே அவர்களைக் கொன்றன.

1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள்தான் அந்த நாட்டின் முதல் அரசமைப்பு. அதில் அரசுத் தலைவர் இல்லை, நீதிமன்றங்கள் இல்லை, வரி அதிகாரமும் இல்லை. காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். பெரும்பாலும் கொடுக்கவில்லை. இறக்குமதிப் பொருட்கள் மீது ஐந்து சதவீதச் சுங்கத் தீர்வை விதிக்கவாவது அனுமதி தாருங்கள் என்று காங்கிரஸ் கெஞ்சியது. விதியைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் ஒப்பவேண்டும். பன்னிரண்டு ஒப்பினாலும் பயனில்லை. 1782இல் ரோட் ஐலண்ட், எல்லாவற்றிலும் சிறிய மாநிலம், முடியாது என்றது. கதை முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே முயற்சியை நியூயார்க் கெடுத்தது.

இந்த நிலையில் வென்றது எப்படி? பிரான்ஸின் பணத்தாலும் கப்பல்களாலும்தான் பெரும்பாலும். 1781 இலையுதிர் காலத்தில், பிரிட்டிஷ் படை தங்கியிருந்த யார்க்டவுனை நோக்கி நடந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வழியில் ஒரு மாதச் சம்பளம் வெள்ளிக் காசாகக் கிடைத்தது. அதற்கான பணம் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் வாங்கிய கடன். அக்டோபர் 19 அன்று அங்கே சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி வேறு யாருமல்ல, நமக்கு நன்கு தெரிந்த காரன்வாலிஸ் பிரபுதான். உடல்நலமில்லை என்று சொல்லி, சரணடைவுச் சடங்குக்குத் தன் துணைத் தளபதியை அனுப்பிவிட்டார். ஐந்து ஆண்டுகளில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பெற்றவரும் இவரே. அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று நம் கடலூரில் நடந்தது. 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள், வெளியே ஆங்கிலேயர் முற்றுகை, கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் கப்பற்படைக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கப்பற்படைக்கும் மோதல். ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்து சேராததால் இங்கே செத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மீண்டும் அமெரிக்காவுக்குப் போவோம். போர் ஓய்ந்தது, சம்பள பாக்கி ஓயவில்லை. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் காங்கிரஸை மிரட்டத் துணிந்தார்கள். படைத்தலைவர் வாஷிங்டன் நேரில் போய்ப் பேசினார், பேச்சு எடுபடவில்லை. ஒரு கடிதத்தைப் படிக்க எடுத்தவர், எழுத்துத் தெரியாமல் தடுமாறி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உங்களுக்குச் சேவை செய்து நரைத்துப்போனேன், இப்போது பார்வையும் போகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னார். கல் நெஞ்சுக்காரர்களும் அழுதுவிட்டார்களாம். அதே ஆண்டு ஜூனில் பிலடெல்பியாவில் அப்படி அழவைக்க வாஷிங்டன் இல்லை. சம்பளம் கேட்டுச் சிப்பாய்கள் அரசு மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதுகாப்புக்கு ஊர்ப்படையை அழைக்க பென்சில்வேனியா நிர்வாகம் தயங்கியது. பிரிட்டிஷ் பேரரசைத் தோற்கடித்த காங்கிரஸ், தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பயந்து பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்கு ஓடியது. பிறகு அனாபலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று மூட்டை முடிச்சுகளோடு அலைந்தது.

மாநிலங்கள் வரி விதிக்கலாம் அல்லவா? விதித்தன. மாசசூசெட்ஸ் தன் போர்க்கடனை அடைக்க விவசாயிகள் மீது கடுமையான வரி போட்டது. அதையும் நாணயமாகவே கட்டவேண்டும். மேற்குப் பகுதிக் கிராமங்களில் நாணயத்தைக் கண்ணால் காண்பதே அரிது. கட்ட முடியாதவர்களின் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போயின. சிலர் சிறைக்குப் போனார்கள். வசூலான பணம் யாருக்குப் போயிற்று? சம்பளத்துக்குப் பதிலாகச் சிப்பாய்களுக்குக் கிடைத்த கடன்பத்திரங்களை அவர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருந்த நகரத்துப் பணக்காரர்களுக்குத்தான் பெரும்பங்கு. 1786இல் விவசாயிகள் திரண்டு நீதிமன்றங்களை இழுத்து மூடினார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி வந்த அவர்கள் மீது பீரங்கி வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்களை விரட்டிப் பிடித்த படைக்குக் கொடுக்க அரசிடம் பணமில்லை. பாஸ்டன் வணிகர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள்.

தேயிலைக் கிளர்ச்சிக்குப் பின்னால் நின்ற சாமுவேல் ஆடம்ஸ் அப்போது அந்த மாநில அரசியலில் முக்கியப் புள்ளி. முடியரசை எதிர்த்துக் கலகம் செய்தவரை மன்னிக்கலாம், குடியரசை எதிர்த்துக் கலகம் செய்தால் மரணமே தண்டனை என்று வாதாடினார். விடுதலைப் பிரகடனத்தை எழுதியவரும் பாரிஸில் தூதராக இருந்தவருமான ஜெபர்சனோ, அவ்வப்போது சிறு கலகம் நல்லது என்று வர்ஜீனியா அரசியல்வாதியான நண்பர் மாடிசனுக்கு எழுதினார். மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால் தாராளமாகப் பேசலாம்.

இந்தக் கலகத்தின் அச்சத்தோடுதான் 1787 மே 25 அன்று பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு தொடங்கியது. 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்ட் யாரையும் அனுப்பவில்லை. வாஷிங்டன் தலைமை, 81 வயது பிராங்க்ளினும் இருந்தார். வாசலில் காவல், பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி மாடிசன் அன்றாடம் எழுதி வைத்த குறிப்புகளால்தான்.

பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் இடையே நடந்த இழுபறி ஜூலை 16 அன்று தீர்ந்தது. கீழவையில் மக்கள்தொகைப்படி இடம், மேலவையில் எல்லோருக்கும் சமம். இதைப் புகழ்ந்து பேசாத பாடநூல் இல்லை, நான் கடந்துபோகிறேன். கவனிக்கவேண்டியது அதன் இன்னொரு பாதி. மக்கள்தொகை என்றால் யாரை எண்ணுவது? அடிமைகளையும் எண்ணி இடம் கொடு என்றார்கள் தெற்கத்தியர். ஓட்டில்லாதவரை, சொத்து என்று விற்கப்படுபவரை எப்படி எண்ணுவது என்று வடக்கிலிருந்து எதிர்ப்பு. ஐந்தில் மூன்று பங்கு என்று முடிந்தது. இந்தப் பின்னத்தை அங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாநிலங்கள் காங்கிரஸுக்குத் தரவேண்டிய பணத்தைப் பங்கிட 1783இல் பேசப்பட்ட கணக்கு அது. அப்போது அடிமைகளைக் குறைத்து எண்ணு, பணம் குறையும் என்று வாதிட்டவர்கள் இதே தெற்கத்தியர்தான். அந்த வரிக்கணக்கை எடுத்து 1787இல் இடங்களுக்கும் ஒட்டினார்கள். பிரதிநிதித்துவத்துக்கும் நேரடி வரிக்கும் ஒரே அளவு, ஆகவே நியாயம் என்று சமாதானம் சொன்னார்கள். பிற்பாடு மத்திய அரசு நேரடி வரி விதித்தது மிக அரிது. இடங்கள் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் கிடைத்துக்கொண்டிருந்தன. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று முழங்கிய நாட்டில், 1790 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஏழு லட்சம் அடிமைகள் தங்கள் எசமானர்களுக்குப் பிரதிநிதித்துவம் சேர்த்துக் கொடுத்தார்கள். அரசமைப்பில் அடிமை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்ட நேர்த்தியையும் சொல்லவேண்டும். மற்ற நபர்கள் என்று எழுதினார்கள்.

செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள். காங்கிரஸின் அதிகாரங்களைப் பட்டியலிடும் பிரிவை எடுத்துப் பாருங்கள். முதலில் நிற்பது போர் தொடுக்கும் அதிகாரம் அல்ல, வரி விதிக்கும் அதிகாரம். அந்த வரி மசோதா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கீழவையில்தான் தொடங்கவேண்டும். கேள்விக்குப் பதில் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. முத்திரைத்தாள் சட்டத்தை எதிர்த்து 1765இல் வர்ஜீனியாவை உலுக்கிய பாட்ரிக் ஹென்றி, 1788இல் இந்த அரசமைப்பையும் அதே ஆவேசத்தோடு எதிர்த்தார். 89 ஓட்டுக்கு 79 என்ற கணக்கில்தான் வர்ஜீனியா ஏற்றது. ரோட் ஐலண்ட் 1790 வரை இழுத்தடித்து, இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் உள்ளே வந்தது.

புதிய அரசின் நிதியமைச்சர் ஹாமில்டன். மாநிலங்களின் போர்க்கடன்களையும் மத்திய அரசே ஏற்கும் என்றார். அதற்கு வருவாய் வேண்டுமே என்று 1791இல் விஸ்கிக்குக் கலால் வரி போட்டார். மேற்கு பென்சில்வேனியா விவசாயிகளுக்கு விஸ்கி வெறும் குடி அல்ல. மலைகளைத் தாண்டித் தானிய மூட்டைகளைச் சுமந்து போவது கட்டுபடியாகாது. காய்ச்சி விஸ்கியாக்கினால் குதிரை சுமக்கும். காசில்லாத ஊரில் அதுவே காசு. பெரிய வடிசாலைகளைவிடச் சிறியவற்றுக்கே வரி அதிகம் உறைத்தது. வரி அதிகாரிகளைப் பிடித்துத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். இருபதாண்டுக்கு முன் பாஸ்டனில் அரசரின் சுங்க ஆட்களுக்கு நடந்த அதே மரியாதை. 1794இல் வரி மேற்பார்வையாளரின் வீட்டையே கொளுத்தினார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட ஊர்ப்படையைத் திரட்டி, வழியில் பாதித் தூரம் தாமே உடன் போனார். படை போய்ச் சேர்வதற்குள் கலகக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். தேசத் துரோகக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர், இருவரையும் மன்னித்தார்.

1802இல் ஜெபர்சன் ஆட்சி விஸ்கி வரியை எடுத்துவிட்டது. துறைமுகச் சுங்கமே போதும் என்றார்கள். ரோட் ஐலண்ட் அன்று மறுத்த அதே சுங்கத் தீர்வைதான் 1861இல் வெடித்த அமெரிக்க உள்நாட்டுப் போர்வரை மத்திய அரசுக்குச் சோறு போட்டது. வாஷிங்டன் 1797இல் பதவி முடிந்து மவுண்ட் வெர்னன் பண்ணைக்குத் திரும்பினார். தன் மேலாளரின் யோசனைப்படி அங்கே ஒரு விஸ்கி வடிசாலை தொடங்கினார். வேலை பார்த்தவர்கள் அடிமைகள். 1799இல் ஏறக்குறைய 11,000 கேலன் காய்ச்சி, நாட்டின் மிகப் பெரிய வடிசாலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. கலால் வரியையும் கட்டியிருக்கிறார்.

வணக்கம்.