வலப்பக்கம் வந்து இரு, பிள்ளை

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்த ஒரு சீமெந்துக் கட்டில் இருந்தபடி இன்றைய பதிவைச் செய்கிறேன். நேற்று எங்கள் மெதடிஸ்த திருச்சபையின் கிழக்குப் பகுதிச் சபைகள் இங்கே ஒன்றுகூடின. அதை முழுமையாகக் காட்டுவேன் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் கைப்பேசியில் எஞ்சியிருப்பது, வாங்கில் மல்லாந்து கிடந்தபடி அது பிடித்த ஒரு மின்விசிறியின் பதினொரு நிமிடச் சுழற்சி மட்டுமே. அதற்குக் காரணம் ஓர் அக்கா.

மூதூர் கிழக்கைச் சேர்ந்த அந்த அக்காவும் நானும், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்வந்த நாட்களில் ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். மூதூர் இறங்குதுறையில் படகேறி, சேலைக் கரை நனைந்தபடி பயிற்சிக்கு வந்து, எப்போதும் என் வலப்பக்கத்தில் நிற்பார். 2006 மார்ச்சில் லெந்து என்னும் தவக்காலப் பயிற்சி முடிந்து, "அடுத்த கிழமை வாறன்" என்று படகேறிப் போனவர்தான். ஏப்ரல் கடைசியில் அவர்கள் பக்கம் எறிகணைகள் விழுந்தன. சனத்தோடு சனமாக வெருகலைக் கடந்து வாகரைக்கும், 2007 தொடக்கத்தில் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போன அவருடைய குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது.

2013 இல் சபையார் ஒருவர் மூலம் அவருடைய இலக்கம் கிடைத்தது. அதன்பின் நத்தார் தவறாமல் பேசினோம், பிள்ளைகளின் முகங்களைத் திரையில் காட்டினோம். நேரில் போகாததற்கு வீதியைக் குறை சொல்ல வழியில்லை. முன்பு பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இலேயே திறக்கப்பட்டுவிட்டது. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பில் நிற்கலாம். தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசிவிடுகிறோமே என்ற நிறைவுதான் எங்களைச் சோம்பேறிகளாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

நேற்று ஆராதனை தொடங்கிய பிறகு உள்ளே போன நான், அவரைக் கண்டதும் கைப்பேசியை வாங்கில் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் அவருடைய இடப்பக்கத்தில் போய் அமர்ந்து, "அக்கா" என்றேன். அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறையும் அழைத்தேன். பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கோபமோ என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பி, என் கையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் இருத்தினார். "வலப்பக்கம் வந்து இரு, பிள்ளை. அந்தக் காது 2006 ஓட சரி" என்றார்.

இத்தனை ஆண்டுகளும் அவர் வலக் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறார். எறிகணை விழுந்த அன்றே இடக் காது கேட்காமல் போய்விட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "நீ கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டதே, பிறகென்ன?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரசங்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை. மதியம் முற்றத்து வேப்பமர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு புள்ளிமான் மதிலோரமாக வந்து நின்றது. அது கிட்ட வந்த காலடி ஓசையை அக்கா கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். வாழையிலைத் துண்டோடு மிச்சச் சோற்றை அதற்கு வைத்துவிட்டு, தன் தாயார் வாகரையில் இறந்ததைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சு எனக்கு மட்டுமானது.

மாலையில் மட்டக்களப்பு பஸ்ஸில் அவருக்கு இடம் பிடிக்க நான் முதலில் ஏறினேன். கடல் தெரியும், இடப்பக்கம் இரு என்றார்கள் கூட வந்தவர்கள். நான் வலப்பக்கச் சன்னல் இருக்கையில் என் கைப்பையைப் போட்டேன். பின்னர் கீழே இறங்கி, வாகனங்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க அந்தப் பக்கம் போய் நின்று, நடத்துனர் மணியடிக்கும்வரை சன்னலோடு பேசிக்கொண்டிருந்தேன்.