அளந்துதான் போட்டார் மாமா

(மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரியை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, நாற்காலி கொடுத்து உதவிய வியாபாரிகள் சங்கத்தாரே, அழைப்பிதழில் என் பெயரை முதல் தடவையாகப் பிழையில்லாமல் அச்சிட்ட நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, பின்வரிசையில் கைபேசியில் பங்கு விலை பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். பேரூராட்சித் தலைவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் பாயசத்தைத் தியாகம் செய்வது நம் மாவட்டத்தில் சின்ன விஷயமில்லை. அதற்குத் தனி நன்றி. ஒலிபெருக்கித் தம்பியை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை, அவருக்கும் ஒன்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். குழித்துறை ஆற்றங்கரையில் வளர்ந்தவன், வேறு எது வாயில் வரும்? இன்றைய தலைப்பு, பங்குச் சந்தையில் ஒரு துறை அளவுக்கு மீறி விலை ஏறிக் கிடக்கிறதா என்று பி.இ. விகிதத்தை வைத்துப் பார்ப்பது எப்படி என்பது. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். பி.இ. என்றால் என்ன, அது எங்கே ஏமாற்றும், வங்கித் துறைக்கு அது ஏன் சரியாகப் பொருந்தாது.

ஒரு பங்கின் விலை 300 ரூபாய். அந்த நிறுவனம் பங்குக்கு வருஷம் 15 ரூபாய் சம்பாதிக்கிறது. 300ஐ 15ஆல் வகுத்தால் 20. விலைக்கும் லாபத்துக்கும் உள்ள இந்த விகிதம்தான் பி.இ. லாபம் இதே அளவில் நின்றால், கொடுத்த விலைக்குச் சமமாக அந்தப் பங்கு சம்பாதிக்க 20 வருஷம் ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

துறைக்குப் போடும்போதுதான் பெரியவர்களும் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு நிறுவனம், இரண்டுக்கும் சந்தை மதிப்பு, அதாவது எல்லாப் பங்குகளின் மொத்த விலை, ஆயிரம் கோடி. ஒன்று 100 கோடி சம்பாதிக்கிறது, பி.இ. 10. மற்றது 10 கோடிதான், பி.இ. 100. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 55. ஐயோ, எட்டாத விலை என்று ஓடிவிடுவோம். ஆனால் மொத்த மதிப்பு 2,000 கோடியை மொத்த லாபம் 110 கோடியால் வகுத்துப் பாருங்கள், 18தான் வரும். அந்த 18தான் துறையின் பி.இ.

அப்புறம், எதோடு ஒப்பிடுவது? சோப்பு, பிஸ்கட் விற்கும் துறை பல வருஷமாக 40ஐச் சுற்றியே நிற்கும். உலோகத் துறை 10, 15 என்று கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது மலிவு, அது கிராக்கி என்பது தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியையும் கேந்தியையும் ஒரே தட்டில் நிறுத்துகிற வேலை. பிச்சியைப் போன மாசத்துப் பிச்சியோடு, போன ஓணத்துப் பிச்சியோடு பார்க்க வேண்டும். துறையையும் அதன் பழைய விகிதத்தோடு, பத்து வருஷ அளவிலாவது.

அந்தப் பழைய விகிதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தேசியப் பங்குச் சந்தை 2021 மார்ச் கடைசி வரைக்கும் தனி நிறுவனத்தின் லாபத்தை வைத்துப் பி.இ. போட்டது. பிறகு துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துப் போட ஆரம்பித்தது. ஐம்பது பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டியின் பி.இ. 40லிருந்து 33 பக்கம் ஒரேயடியாக இறங்கியது. சந்தை அப்படியொன்றும் விழவில்லை, அளக்கிற நாழி மாறியது. 2021க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து வாட்ஸப்பில் அனுப்புகிற பண்டிதர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

நாழி என்றதும் என் மாமா ஞாபகம் வருகிறார். தலைவர் மன்னிக்க வேண்டும், இது கொஞ்சம் நீளும்.

2011ஆம் வருஷம். ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருந்தவன் எல்லாம் புது வீடு கட்டினான். மாமா காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் பத்திரிகையில் கோட்டயம் விலை பார்ப்பார். 2 ரூபாய் ஏறியிருந்தால் மாமிக்கு நல்ல வார்த்தை கிடைக்கும், இறங்கியிருந்தால் நாய்க்குக்கூடக் கிடைக்காது. இப்படி இருந்தவர் ஒருநாள் 2 ஏக்கர் ரப்பர் விளை ஒன்றை 24 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். கணக்கு நோட்டோடு வந்தார், அதைச் சொல்ல வேண்டும். வருஷம் 1,200 கிலோ ஷீட். பால்வெட்டுக் கூலி, உரம், மழைக்காலத்துப் பிளாஸ்டிக் எல்லாம் போக 2 லட்சம் கையில் நிற்கும். பன்னிரண்டே வருஷத்தில் முதல் திரும்பிவிடும். பி.இ. 12! அந்த வார்த்தை அவருக்குத் தெரியாது, கணக்கு தெரியும். மாமி மட்டும் சந்தேகப்பட்டாள். "இவளவு லாபம் வருதுன்னா விக்கவன் ஏன் விக்கான்?" என்று கேட்டாள். "உனக்கு என்ன தெரியும்" என்றார் மாமா.

விற்றவனுக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். விலை ஏறத் தொடங்கியதும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இன்னும் பல இடங்களிலும் நட்ட கன்றுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல அந்தச் சமயத்தில் வெட்டுக்கு வந்தன. சீனாவில் வாங்குகிற வேகமும் குறைந்தது. 2016 தொடக்கத்தில் கிலோ 100க்கும் கீழே. வெட்டுக்கூலி மட்டும் இறங்கவில்லை. மாமாவுக்கு வருஷம் 40,000 நின்றால் பெரிசு. 24 லட்சத்தை அதால் வகுங்கள், 60. அதே விளை, அதே மரம், அதே சிரட்டை. 12 என்று வாங்கியது 60 ஆகிவிட்டது. மனம் வெறுத்து அதே வருஷம் 20 லட்சத்துக்குத் தள்ளிவிட்டார். வாங்கிய பையன் அப்போதைய லாபத்தைப் பார்த்திருந்தால் பக்கத்திலேயே வந்திருக்க மாட்டான். 2024 ஆகஸ்டில் ஷீட் மறுபடியும் 240ஐத் தாண்டியபோது விளை அவன் கையில் இருந்தது. அன்றைக்கு மாமா பத்திரிகையே வாங்கவில்லை.

மாமி என்னிடம் சொன்னது இதுதான். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொன்னேன் மக்கா. அளந்துதான் போட்டாரு. ஆனா நாழி கள்ள நாழி."

உலோகத் துறையும் இதேதான். டாடா ஸ்டீல் 2021-22இல் 41,000 கோடிக்கு மேல் லாபம் காட்டியது. பி.இ. நாலு, ஐந்து என்று நின்றது. அடுத்த வருஷம் லாபம் 8,000 கோடி அளவு, 2023-24இல் நஷ்டம். நஷ்டத்துக்குப் பி.இ. போடவே முடியாது. இப்படி லாபம் அலைபோல ஏறி இறங்கும் சுழற்சித் துறையில் பி.இ. குறைந்து தெரிகிற நேரம்தான் லாபம் உச்சியில் நிற்கிற நேரமாக இருக்கும். ஒரு வருஷ லாபத்தை நம்பாமல் ஏழெட்டு வருஷச் சராசரி லாபத்தால் வகுத்தால் நாழி ஓரளவு நேராகும்.

சரி, அந்த ஏழெட்டு வருஷ லாபத்தை நீங்கள் எங்கே போய்ப் படிப்பீர்கள்? நான் இரண்டு வருஷமாக நோட்டும் கையுமாக அலைவது இதற்குத்தான். விலை கைபேசியில் பச்சையும் சிவப்புமாக மின்னுகிறது, அதற்கு மொழி வேண்டாம். லாபம் முந்நூறு பக்க ஆங்கில ஆண்டறிக்கையில் கிடக்கிறது. நிலம் விற்ற காசு அந்த வருஷ லாபத்தில் சேர்ந்து பி.இ.யைக் குறைத்துக் காட்டியிருக்கும், அதைச் சொல்லும் குறிப்பு பொடி எழுத்தில் இருக்கும். காலாண்டு முடிவைப் பதிவு அலுவலகம் இருக்கும் வட்டாரத்தின் மொழிப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய விதி வைத்தார்கள். மும்பை நிறுவனம் மராத்தியில் போடும். பணம் போட்டவன் நம் பக்கத்துக் கருங்கல் ஊரில் இருந்தால் அவன் பாடு. 2024இல் புதிய பங்கு வெளியீடுகளுக்கு ஒலி-ஒளி விளக்கம் வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது, நல்ல காரியம். எந்த மொழியில்? ஆங்கிலம், இந்தி.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். மார்த்தாண்டம் என்று இன்று சொல்லும் இந்தத் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களால் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்ந்த மண் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, படிக்க முடியாத காகிதத்துக்குக் காசு கட்டுகிறோம். பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் பத்து வருஷ வருமானம், லாபம், கடன், ஒருமுறை மட்டும் வந்த வரவு இவற்றை நாலு பக்கத்தில் தமிழில் தர வேண்டும். செபிக்கு மனு தயார். அளந்து போடு என்று ஊருக்குச் சொல்கிறோமே, நாழியைக் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தலைவர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வங்கித் துறைக்குப் புத்தக மதிப்போடு, அதாவது சொத்தில் கடன் போக மிஞ்சுவதோடு, சேர்த்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், மீதி அடுத்த கூட்டத்தில். மனு நோட்டு வாசலில் சுக்குக் காப்பிப் பானைக்கு இடதுபக்கம் இருக்கிறது. பேரூராட்சித் தலைவருக்கு முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு போனது.