விந்துநாளம் பிறவியிலேயே இல்லாதவருக்குச் சொந்தக் குழந்தை பிறக்குமா? – கம்பத்திலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் விளக்கம் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி கம்பத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 32. காலையில் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, மாலையில் வீடு திரும்புகிறவர். அவர் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்.

“டாக்டர் ஐயா, எனக்குத் திருமணமாகி 4 ஆண்டுகள் ஆகின்றன. மனைவி என் தாய்மாமன் மகள். அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. எனக்கு இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்ததில் விந்தணு ‘நில்’, அதாவது ஒன்றுகூட இல்லை, என்று வந்தது. அளவு 0.7 மி.லி., பி.எச். 6.5, ஃப்ரக்டோஸ் நெகடிவ். ஒன்றரை வருடம் ஓரிடத்தில் பொடியும் லேகியமும் வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியாகப் பார்த்த டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் விந்து வருகிற குழாயே இல்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றார். நான் பத்து வருடமாகத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். அதனால் வந்ததா? சிறு வயதுப் பழக்கத்தால் வந்ததா? எனக்குச் சொந்தமாகக் குழந்தை பிறக்குமா?”

தம்பி, முதலில் உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததன்று. நீங்கள் உங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோதே நடந்து முடிந்துவிட்ட விஷயம் இது. பூச்சிமருந்து விந்தணு உற்பத்தியைக் குறைக்கக்கூடும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் மருந்து அடிக்காதீர்கள் என்று உங்களுக்கும் உங்களோடு ஜீப்பில் வருகிற மற்றவர்களுக்கும் சொல்லத்தான் செய்வேன். ஆனால் வளர்ந்த மனிதனின் உடம்பிலிருந்து ஒரு குழாயை இல்லாமல் ஆக்குகிற மருந்து எதுவும் கிடையாது. சுய இன்பப் பழக்கத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்பதை உங்களுக்குத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். தேக்கடியில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. மலையைக் குடைந்த சுரங்கமும் அதிலிருந்து இறங்குகிற பெரிய குழாய்களும் இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்புக்கு வந்து, கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்கிறது. சுரங்கம் மட்டும் இல்லாவிட்டால், மேலே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கீழே ஒரு சொட்டு வராது. உங்கள் விதைகளில் விந்தணு உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது. அது வெளியே வரவேண்டிய வழி போடப்படவே இல்லை. உற்பத்தி இல்லாமல் ‘நில்’ என்று வருவதும், வழி இல்லாமல் ‘நில்’ என்று வருவதும் தாளில் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். இரண்டாவது வகைக்கு நம்பிக்கை மிக அதிகம்.

விதையில் உண்டாகும் விந்தணு, விதையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழாய்க்குள் நுழைகிறது. விரித்துப் போட்டால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் அந்தக் குழாய், குமுளி மலைச்சாலையின் கொண்டைஊசி வளைவுகளைவிட நெருக்கமாக மடங்கி, விரல் நீளத்துக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே நீந்தும் வலுவைப் பெற்ற விந்தணுக்கள் விந்துநாளம் வழியாக மேலேறி, சிறுநீர்ப்பையின் பின்புறம் இருக்கிற விந்துப்பைகளின் திரவத்தோடு சேர்ந்து வெளியேறுகின்றன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் ஆண்களுக்கு வெட்டிக் கட்டுவது இந்த விந்துநாளத்தைத்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு விந்தின் அளவு குறைந்ததாகவே தெரியாது. ஏனென்றால் வெளியே வரும் விந்தில் விதையிலிருந்து வருவது மிகச் சிறு பங்குதான். பாதிக்கு மேல் விந்துப்பைகளின் திரவம். காரத்தன்மை கொண்ட அந்தத் திரவத்தில்தான் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இருக்கிறது. உங்களுக்கு விந்துநாளத்தோடு விந்துப்பைகளும் சரியாக உருவாகவில்லை. அதனால்தான் அளவு 0.7 மி.லி. ஆகக் குறைந்திருக்கிறது, ஃப்ரக்டோஸ் இல்லை, எஞ்சியிருக்கிற புரோஸ்டேட் சுரப்பியின் திரவம் அமிலத்தன்மை கொண்டது என்பதால் பி.எச். 7-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேடு அளவின் கீழ் எல்லையை 1.4 மி.லி. என்று வைத்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த இந்த மூன்று வரிகளும் முதல் நாளிலேயே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. எல்லோரும் ‘நில்’ என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள்.

உங்களைக் கடைசியாகப் பார்த்த டாக்டர் செய்ததுதான் சரியான பரிசோதனை. நோயாளியை நிற்கவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விதைப்பையின் மேல்பகுதியை மெதுவாக உருட்டிப் பார்த்தால், மற்றவை எல்லாம் மெத்தென்று நழுவும். விந்துநாளம் மட்டும் தென்னை ஈர்க்கைப் போல விறைப்பாக உருளும். ஒருமுறை பழகிய விரலுக்கு அது தவறவே தவறாது. ஜூலை மாதத்தில் மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்குகிற நாள்களில் குளிரில் தோல் சுருங்கிப்போய் எதுவும் பிடிபடாது. அப்போது நோயாளியை வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருந்து பார்ப்பேன். நான்கைந்து ஸ்கேன் தாள்களோடு கனமான ஃபைலைச் சுமந்துகொண்டு வருகிறவர்களிடம், “யாராவது தொட்டுப் பார்த்தார்களா?” என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. விதைப்பை ஸ்கேனில் விந்துநாளம் இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. அதே ஸ்கேனில் லேசாக நரம்பு புடைத்திருந்தால் ‘வெரிகோசீல்’ என்று எழுதிவிடுவார்கள், அதற்கு அறுவையும் நடந்துவிடும். வழியே இல்லாதவருக்கு அந்த அறுவையால் ஒரு பயனும் இல்லை.

தொட்டுப் பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதே போன்ற ரிப்போர்ட், அதாவது குறைந்த அளவு, அமிலத்தன்மை, ஃப்ரக்டோஸ் இல்லாமை, விந்துநாளம் நன்றாக இருந்து அதன் கடைசி முனையில் மட்டும் அடைப்பு இருப்பவருக்கும் வரும். புரோஸ்டேட்டின் நடுவில் பிறவியிலேயே உண்டான ஒரு நீர்க்கட்டி அந்த முனையை அழுத்திக்கொண்டிருக்கலாம். அவருக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி அடைப்பைத் திறந்துவிட முடியும். விந்துநாளம் கையில் தட்டுப்பட்டால் இந்தத் திசையில் தேடவேண்டும்; தட்டுப்படாவிட்டால் தேடவேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதாலும் அளவு குறையும். அதைச் சிறுநீரில் விந்தணு தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவு நாளும் இது ஏன் தெரியாமல் போனது என்று நீங்கள் யோசிக்கலாம். மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாவற்றுக்கும் காரணமான டெஸ்டோஸ்டிரோன் விதையிலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. அதற்குக் குழாய் தேவையில்லை. ஆகவே உங்கள் ஆண்மைக்கு இதனால் இம்மியும் குறைவில்லை. குழந்தைக்காகப் பரிசோதனை செய்யும் நாள்வரை இது தெரிய வழியே இல்லை.

அடுத்ததாகச் சொல்லப்போவது மிக முக்கியமானது, பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். கருவில் விந்துநாளமாக மாறவேண்டிய அதே ஆதிக்குழாயிலிருந்துதான், ஏறத்தாழ ஐந்தாவது வாரத்தில், சிறுநீரகத்தை உருவாக்கும் முளை கிளம்புகிறது. அந்தக் குழாய் ஆரம்பத்திலேயே பழுதுபட்டால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் இல்லாமல் போகலாம். இரண்டு பக்கமும் விந்துநாளம் இல்லாதவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கும், ஒரு பக்கம் மட்டும் இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கும் ஒரு சிறுநீரகம் இருப்பதில்லை. ஆகவே முதலில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ஆனால் அது தெரிந்திருந்தால்தான் உடம்பு வலிக்கு நினைத்தபோதெல்லாம் மாத்திரை வாங்கி விழுங்காமல் இருப்பீர்கள், கல் அடைத்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடுவீர்கள்.

சிறுநீரகம் இரண்டும் சரியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் இருக்கும். ஏழாவது குரோமோசோமில் இருக்கிற இந்த மரபணு 1989-இல் கண்டுபிடிக்கப்பட்டது. உடம்பின் நுண்குழாய்களில் உப்பும் நீரும் சரியாகப் போய்வர வழி செய்வது இதன் வேலை. அது பழுதானால் சளி பிசின்போலக் கெட்டிப்படும். கருவில் இருக்கும்போதே விந்துநாளம் அடைபட்டுத் தேய்ந்து மறைந்துவிடும். நாம் ஒவ்வொருவரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். இரண்டும் கடுமையாகப் பழுதாகியிருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வரும்: குழந்தைக்கு ஓயாத நெஞ்சுச் சளி, கணையக் கோளாறு, எடை ஏறாமை, முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கிற வியர்வை. ஒன்று கடுமையாகவும் மற்றொன்று லேசாகவும் பழுதாகியிருந்தால் நுரையீரல் தப்பிவிடும்; விந்துநாளம் மட்டும் போய்விடும். உங்கள் நிலை அநேகமாக இதுதான்.

இப்போது உங்கள் மனைவி உங்கள் தாய்மாமன் மகள் என்பதற்கு வருகிறேன். உங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டி இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பழுது இருந்திருந்தால், உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், உங்கள் மாமா வழியாக அவருக்கும் ஒரே பழுது வந்திருக்க வாய்ப்புண்டு. அவரிடம் ஒரு பிரதி மட்டும் பழுதாகியிருந்தால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வெளியே தெரியவும் தெரியாது. ஆனால் உங்களுடைய இரண்டு பிரதிகளும் பழுதானவை என்றால், எதைக் கொடுத்தாலும் குழந்தைக்கு ஒன்று போகும். அவருடையதும் சேர்வதற்குப் பாதி வாய்ப்பு. அவரிடம் இருப்பது கடுமையான பழுதாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு முழுமையான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு இருக்கும். சொந்தத்தில் திருமணம் செய்தது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. என்னிடம் வருகிற எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன. சிகிச்சையைத் தொடங்கும் முன் இருவரும் இரத்தம் கொடுத்து இந்த மரபணுவைப் பார்த்துவிடுங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் சில பழுதுகளை மட்டும் தேடுகிற சோதனை நம்மவர்களுக்குப் போதாது. மரபணு முழுவதையும் படிக்கும் சோதனையைக் கேளுங்கள். மனைவியிடமும் பழுது இருந்தால், கருவைப் பரிசோதித்து நோயற்றதை மட்டும் கருப்பையில் வைக்கும் முறை இருக்கிறது. அந்த முறையில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம். அதைச் செய்து தருவதாகச் சொல்கிற இடத்துக்குள் நுழையாதீர்கள்.

சிகிச்சை எளிது. மாத்திரை, ஊசி, லேகியம் எதனாலும் இல்லாத குழாய் முளைக்காது. இணைத்துத் தைக்கவும் எதுவும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மெல்லிய ஊசியால் எபிடிடிமிஸின் தலைப்பகுதியிலிருந்தோ விதையிலிருந்தோ நேரடியாக விந்தணுவை எடுக்கிறோம். அந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஆய்வகப் பெண் நிமிர்ந்து, “டாக்டர், ஓடுது” என்று சொல்கிற கணம் எனக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழகிப்போகவில்லை. பல ஆண்டுகளாக ‘நில்’ என்று தாளில் படித்தவருக்குத் திரையில் தன் விந்தணு நீந்துவதைக் காட்டியிருக்கிறேன்; அவர் பேசவில்லை, திரையைத் தொட்டுப் பார்த்தார். உற்பத்தி சரியாக இருப்பதால் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் விந்தணு கிடைத்துவிடும். மிச்சத்தை உறையவைத்தும் சேமிக்கலாம். ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி முறையில், பிரஸ்ஸல்ஸ் நகரில் முதல் குழந்தை பிறந்தது 1992-இல். அதற்கு முன்பு உங்கள் நிலையில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை தரக்கூடிய வழி அநேகமாக இல்லை. விந்தணு கிடைத்தபின் வெற்றி பெரும்பாலும் மனைவியின் வயதைப் பொறுத்தது என்பதால், லேகியத்தில் கழிந்த அந்த ஒன்றரை வருடத்தை இன்னொரு முறை இழந்துவிடாதீர்கள்.

தேனி, மதுரை, கோட்டயம் எங்கே போனாலும், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த மையமா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள். முதலில் வயிற்று ஸ்கேன், பிறகு விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிற எஃப்.எஸ்.எச். ஹார்மோன், அது இயல்பான அளவில் இருந்தால் உற்பத்தி சரியாக இருப்பதற்கு அது நல்ல அறிகுறி. பிறகு மரபணுச் சோதனை. அதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். இரத்தம் கொடுக்கும் நாளில் மனைவியையும் கூடவே அழைத்துச் சென்று, இருவருக்கும் ஒன்றாகவே எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவையும் ஒருநாள் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அண்ணன் மகளிடம் குறையில்லை என்பதை அவர் டாக்டர் வாயால் கேட்கட்டும். உடன்பிறந்த ஆண்கள் யாருக்காவது திருமணமாகிக் குழந்தை தங்காமல் இருந்தால், அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.