டில் அழுத இடம்

நண்பர்களே, வணக்கம். இன்று என் கையில் இருப்பது ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல். 1960-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற இந்த நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களில் சிலர் கிரிகரி பெக் நடித்த 1962-ஆம் ஆண்டுத் திரைப்படத்தையாவது பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் படித்த காலத்தில் நான் வாங்கிய பிரதி இது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்ச் ஆற்றும் நிறைவுரை வருகின்ற இந்தப் பக்கங்களைப் பாருங்கள்; ஏறக்குறைய ஒவ்வொரு வரியின் அடியிலும் கோடு போட்டிருக்கிறேன். அதற்குச் சற்று முன்னால், ஒரு சிறுவன் விம்மி அழத் தொடங்கியதால் அவனை வெளியே அழைத்துச் செல்லும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கோடுகூட இல்லை. சென்ற மாதம் நாவலை மறுபடியும் படித்தபோது என்னை மேலே செல்லவிடாமல் நிறுத்தியவை அந்தப் பக்கங்கள்தாம். ஆகவே இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலம். அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர். தாயை இழந்த ஸ்கவுட், அவளுடைய அண்ணன் ஜெம், கோடை விடுமுறைதோறும் பக்கத்து வீட்டிலுள்ள அத்தையிடம் வந்து தங்கும் டில் ஆகிய மூன்று குழந்தைகளும்தான் நம்முடைய கண்கள். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன்னை வன்புணர்ந்ததாக மயெல்லா யூவெல் என்ற வெள்ளை இளம்பெண் குற்றம் சாட்டுகிறாள்; ஸ்கவுட்டின் தந்தை அட்டிகஸ் டாமுக்காக வாதாடுகிறார். மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம்தான் காயம். எதிரே நிற்பவர் இடக்கையால் அடித்தால்தான் அப்படிப் படும். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி ஜின்னிங் எந்திரத்தில் சிக்கிச் சிதைந்து, மற்றக் கையைவிட ஓர் அடி குட்டையாகி, எதற்கும் உதவாமல் தொங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை. பன்னிரண்டு வயதைக் கடந்த ஜெம் அந்த இடத்திலேயே வழக்கு வென்றுவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறான்.

விசாரணையைக் காண வரும் இந்தக் குழந்தைகளுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைப்பதில்லை. பாதிரியார் சைக்ஸ் அவர்களைக் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட மாடிக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே முன்வரிசையில் அமர்ந்திருந்த நான்கு கறுப்பினத்தவர்கள் எழுந்து தங்கள் இருக்கைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும் செய்தி இது. ஸ்கவுட் அதைப் பற்றி எதுவும் நினைப்பதுகூட இல்லை. முதல்முறை படித்தபோது நானும் நினைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

இனி, டில் அழுத இடத்துக்கு வருவோம். அரசு வழக்கறிஞர் கில்மர் டாமைக் குறுக்கு விசாரணை செய்கிறார். டாமுக்கு வயது இருபத்தைந்து, மணமானவர், குழந்தைகளுக்குத் தந்தை. அவரைக் கில்மர் திரும்பத் திரும்ப ‘பையா’ என்றே அழைக்கிறார். எதற்காக அந்தப் பெண்ணுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்தாய் என்று கேட்கும்போது, அவளைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். ஒரு கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைப் பெண்ணின் மீது இரக்கப்படுவதா? அந்த மன்றத்தில் அதைவிடப் பெரிய குற்றம் வேறு இருக்கவில்லை. கில்மர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏளனமாக மடக்குகிறார். அப்போதுதான் டில் அழத் தொடங்குகிறான். அடக்க முயன்றும் முடியவில்லை. ஜெம் சொன்னதன் பேரில் ஸ்கவுட் அவனை வெளியே அழைத்துச் செல்கிறாள்.

வெளியே மரத்தடியில் நடக்கும் உரையாடலை நான் மூன்று முறை படித்தேன். அந்த மனிதர் டாமிடம் பேசிய விதம் தனக்குக் குமட்டலை உண்டாக்குகிறது என்கிறான் டில். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் அப்படித்தான் பேச வேண்டியிருக்கும் என்று ஸ்கவுட் விளக்குகிறாள். அட்டிகஸ் தன் எதிர்த்தரப்புச் சாட்சிகளிடம் அப்படிப் பேசவில்லையே என்று டில் திருப்பிக் கேட்கிறான். அதற்கு ஸ்கவுட் சொல்லும் பதில், என்ன இருந்தாலும் அவன் ஒரு கறுப்பன்தானே என்ற பொருளில் அமைகிறது. இதைச் சொல்பவள் நம் கதாநாயகி. அட்டிகஸின் மகள். எட்டு வயதை ஒட்டிய குழந்தை. வீட்டில் ஒருவரும் கற்றுக்கொடுக்காத அந்த வாக்கியம், யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல், அவள் நாவில் தயாராக இருக்கிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும், களங்கமற்ற குழந்தைகள் ஓர் அநீதியை முதன்முதலாகச் சந்திக்கும் கதை என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் இந்த மரத்தடியில் நிற்கும் இரண்டு குழந்தைகளில் ஒருத்தியிடம் அநீதி ஏற்கெனவே குடியேறிவிட்டது. மற்றவனிடம் இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான். இருவரும் ஒரே மன்றத்தில், ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே குரலைக் கேட்டார்கள். ஒருத்தி அதற்குக் காரணம் சொல்கிறாள், மற்றவன் அழுகிறான். அறியாமையைத்தான் நாம் குழந்தையின் வெகுளித்தனம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஹார்ப்பர் லீ காட்டும் வெகுளித்தனமோ வேறு வகையானது: கண்ணால் கண்டதைக் காணாததாக்கிக்கொள்ளும் பயிற்சியை இன்னும் பெறாத நிலை அது.

அந்த நேரத்தில் அங்கே வருபவர் டால்ஃபஸ் ரேமண்ட். அவர் கறுப்பினப் பெண்ணொருத்தியுடன் வாழும் வெள்ளை நிலக்கிழார். காகிதப் பைக்குள் மறைத்த புட்டியிலிருந்து எந்நேரமும் குடிப்பவர் என்று ஊரே நம்புகிறது. டில்லின் வயிற்றைத் தேற்ற அவர் அந்தப் புட்டியை நீட்டும்போதுதான், அதில் இருப்பது வெறும் கோக்ககோலா என்று தெரிய வருகிறது. தம் வாழ்க்கையை ஊர் ஏற்றுக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது என்பதால் குடிகாரராக நடிக்கிறார். இன்னும் சில ஆண்டுகள் போனால் இந்தப் பையன் அழ மாட்டான், ஏதோ சரியில்லை என்று மட்டும் அவனுக்குத் தோன்றும் என்கிறார் அவர். வளர்ச்சி என்பதற்கு அந்த ஊர் வைத்திருந்த பொருள் அதுதான். சற்று முன்பு நான் சொன்ன, டாமின் கையைச் சிதைத்த ஜின்னிங் எந்திரம், இதே ரேமண்டுக்குச் சொந்தமானது. ஆசிரியர் இதை வேறொரு பக்கத்தில், பாதிரியார் சைக்ஸின் வாய்வழியாக, போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கதையிலேயே மிகத் தெளிவாகப் பேசும் வெள்ளையர்களில் ஒருவரின் எந்திரம் அது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இவை யாவும் எழுத்தாளரின் கற்பனை மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. 1931-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அதே அலபாமாவில், சரக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்த ஒன்பது கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் கைது செய்யப்பட்டார்கள். இரண்டு வெள்ளைப் பெண்களை வன்புணர்ந்ததாக அவர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஸ்காட்ஸ்பரோ நகரில், கைதான சுமார் இரண்டு வாரங்களுக்குள், முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரிகளின் முன்னால் விசாரணை முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1933-இல் அப்பெண்களில் ஒருவரே நீதிமன்றத்துக்கு வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாட்சியம் அளித்த பிறகும் ஜூரி மறுபடியும் குற்றவாளி என்றே சொன்னது. ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்குவது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பளித்தது. நாவலில் டாமின் விசாரணை நடப்பதும் அதே ஆண்டுக் கோடையில்தான். அந்த ஜூரியிலும் ஒரு கறுப்பு முகம் இல்லை. கைதான அந்த ஒன்பது பேரில் மிக இளையவருக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இராது. டில்லை விடச் சில ஆண்டுகளே மூத்தவர். அவரைக் குழந்தை என்று அந்த மன்றம் கருதவில்லை.

தீர்ப்பு வந்த இரவில் ஜெம் அழுகிறான். அதன் பிறகு அவன் பழைய ஜெம் அல்லன். சில மாதங்கள் கழித்து, பள்ளியில் நடந்த ஒன்றை ஸ்கவுட் அவனிடம் கொண்டுவருகிறாள். அவளுடைய ஆசிரியை மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது, கரும்பலகையில் ‘ஜனநாயகம்’ என்று பெரிய எழுத்துகளில் எழுதி, நம் நாட்டில் நாம் யாரையும் அப்படி நடத்துவதில்லை என்று உணர்ச்சியுடன் விளக்கியிருக்கிறார். இதே மிஸ் கேட்ஸ், விசாரணை முடிந்த இரவில் நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது, கறுப்பினத்தவர்களுக்கு இப்படி ஒரு பாடம் புகட்டத்தான் வேண்டும் என்று இன்னொருவரிடம் சொன்னதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். ஹிட்லரை இவ்வளவு வெறுக்கும் ஒருவர் தம் ஊர்க்காரர்களிடம் எப்படி இவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்று அண்ணனிடம் கேட்கிறாள். ஜெம் பதில் சொல்வதில்லை. அவள் சட்டைக் கழுத்தைப் பற்றி உலுக்கி, இனி அந்த நீதிமன்றத்தைப் பற்றி என்னிடம் பேசாதே என்று கத்துகிறான். கேள்வி கேட்கும் குழந்தைக்கு அந்த வீட்டில் கிடைத்த மிக உண்மையான பதில் அந்தக் கத்தல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த ஊர் மன்ரோவில். மேகோம்புக்கு அச்சாக அமைந்த ஊர் அது. அங்குள்ள பழைய நீதிமன்றக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். நாவலை நாடகமாக்கி உள்ளூர் மக்களே ஆண்டுதோறும் நடிக்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த வால்ட்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர், தாம் செய்யாத ஒரு கொலைக்காக 1987-இல் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் தம் வீட்டில் இருந்ததாகச் சாட்சி சொன்ன கறுப்பினத்தவர் பலர். அவர்கள் சொல் எடுபடவில்லை. ஜூரி ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்தும், நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் விடாமுயற்சியால் 1993-இல்தான் விடுதலை கிடைத்தது. தங்கள் ஊரில் பிறந்த நாவலைக் குறித்துப் பெருமை கொள்ளும் மக்கள் நடுவில், அந்த நாவல் வெளிவந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, இது நடந்திருக்கிறது. மிஸ் கேட்ஸின் வகுப்பறை அவ்வளவு பெரியது.

நாவலின் மீதுள்ள ஒரு குறையையும் நான் மறைக்க விரும்பவில்லை. கறுப்பினத்தவர் இதில் நல்லவர்களாக வருகிறார்கள், துன்பப்படுகிறார்கள்; ஆனால் அவர்கள் வீட்டுக்குள் நமக்கு இடம் கிடைப்பதே இல்லை என்ற விமரிசனம் பல காலமாக உண்டு. அது நியாயமானது. ஸ்கவுட்டின் வெகுளித்தனத்தைப் பாதுகாக்க ஒரு தந்தையும், சமையல் செய்து வளர்க்கும் கறுப்பினப் பணிப்பெண் கல்பூர்னியாவும், ஒரு தெருவே இருக்கிறார்கள். முதல் நாள் பள்ளிக்குப் போகும்போதே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்காக ஸ்கவுட் ஆசிரியையிடம் ஏச்சு வாங்குகிறாள். கல்பூர்னியாவின் மகன் ஸீபோவுக்கோ படிக்கப் பள்ளிக்கூடமே இருக்கவில்லை. விவிலியத்தையும் ஒரு பழைய சட்ட நூலையும் வைத்து அவன் தாய்தான் அவனுக்கு எழுத்தறிவித்தாள். அவர்களுடைய தேவாலயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். ஸீபோ ஒரு வரி படிக்க, சபையார் அதைப் பாடலாகத் திருப்பிப் பாடுவார்கள். அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் தம் பக்கத்துக் கதையை எழுதியிருந்தால் அது எப்படித் தொடங்கியிருக்கும்? அநீதியை ‘முதன்முதலாகச் சந்தித்த’ நாள் என்று அவர்களால் ஒரு நாளைக் குறித்திருக்க முடியுமா?

டாமின் பிள்ளைகளை நாவல் நமக்கு ஒரே ஒரு முறை அருகில் காட்டுகிறது. சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லி டாமின் உடலில் பதினேழு குண்டுகளைப் பாய்ச்சிவிட்டார்கள். அந்தச் செய்தியை அவருடைய மனைவி ஹெலனிடம் சொல்ல அட்டிகஸ் கல்பூர்னியாவை அழைத்துக்கொண்டு காரில் செல்கிறார். வழியில் ஏறிக்கொண்ட ஜெம்மும் டில்லும் உடன் இருக்கிறார்கள். ஸ்கவுட் அங்கே இல்லை. ஆகவே அங்கு நடந்ததை நாம் டில் சொல்லக் கேட்ட ஸ்கவுட்டின் வழியாகத்தான் அறிகிறோம். ஹெலன் பேச்சின்றி மண்ணில் சாய்ந்ததை, யாரோ ஓர் அரக்கன் எறும்பை மிதிப்பதுபோல மிதித்துவிட்டான் என்று டில் சொல்கிறான்.

அதற்குச் சில நிமிடங்களுக்கு முன், முற்றத்தில் பையன்கள் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். நாவல் அவளுக்குப் பெயர் தரவில்லை. தலை முழுவதும் சின்னச் சின்னப் பின்னல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பளிச்சென்ற ரிப்பன் முடிச்சு; அந்த முடிச்சுகளைக் கவனித்து வந்து ஸ்கவுட்டிடம் சொன்னவன் டில். அவள் வாய் நிறையச் சிரித்தபடி அட்டிகஸை நோக்கி வருகிறாள். படியிறங்க அவளுக்கு உயரம் போதவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தம் விரலை நீட்டுகிறார். அதைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அவளுடைய தந்தை இறந்துவிட்டார் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.