கேட் சாவி யார் கையில்?

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எங்களுக்கெல்லாம் எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பணி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே, மைக்செட் கொடுத்து உதவிய பாத்திரக்கடை அண்ணன் அவர்களே, நோம்பி வேலையை விட்டுட்டு வந்திருக்கிற தாய்மார்களே, வணக்கமுங்க.

மூணு விஷயம் பேச வந்தேன்: ரயில்வே கேட் எப்படி வேலை செய்யுது, மீறினா சட்டம் என்ன சொல்லுது, நம்ம ஊருக்கு என்ன வேணும். 'பதறாத காரியம் சிதறாது'ம்பாங்க பெரியவங்க.

போன ஆவணியில ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை வண்டி கேட்டுல நிக்குது. அந்தப் பக்கம் மண்டபத்து நாதஸ்வரம் இங்க கேக்குது. தாய்மாமன் இறங்கிப் போய், "ஏனுங் தம்பி, ரயிலைக் காணமே, சித்த தூக்கி உடுங்"ன்னார். "சாவி என்ர கையில இல்லீங்ண்ணா"ன்னார் கேட்கீப்பர். மாமன் நம்பலை. பணத்தை நீட்டினார். அந்தத் தம்பி கும்பிட்டுட்டு, ஜன்னல் வழியா கேட் ரூமுக்குள்ள இருக்கிற சாவிப் பெட்டியைக் காட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல சொன்னதும் தடுப்பை இறக்கிப் பூட்டணும். பூட்டினாத்தான் சாவி வெளிய வரும். அதைப் பெட்டியில போட்டுத் திருப்பினாத்தான் ரயிலுக்குப் பச்சை விழும். விழுந்துட்டா, ரயில் தாண்டுற வரைக்கும் சாவி வராது. இதுதான் இன்டர்லாக்கிங். அவர் சொல்லி முடிக்கல, கோயமுத்தூர் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் பறந்துச்சு! முகூர்த்தமும் தப்பலை. பதறாத காரியம் சிதறாதுங்க. அந்த மாமன் இதோ முன்வரிசையில உக்காந்திருக்கார், கைதட்டுங்க.

தடுப்பை இடிச்சு உடைச்சா சிக்னல் சிவப்பாகும். ஆனா ரயில் அதுக்குள்ள சிக்னலைத் தாண்டியிருந்தா? 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ரயில் பிரேக் போட்டு நிக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேணும். 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பத்துல பள்ளி வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்களைப் பறிகொடுத்தோம். அப்ப அந்த கேட்டுல இன்டர்லாக்கிங் இல்லை. கேட் திறந்திருக்குன்னு ரயிலுக்குச் சொல்ற சிக்னல் எதுவும் அங்க இல்லை.

சட்டம்: 1989 ரயில்வே சட்டம், 160ஆம் பிரிவு. மூடின கேட்டைத் திறந்தா 3 வருசம் வரைக்கும் ஜெயில், உடைச்சா 5 வருசம் வரைக்கும். மீதியை வக்கீல் ஐயா பேசுவார்.

நான் கேக்கறது மேம்பாலம். பிரசவத்துக்குப் போற ஆம்புலன்ஸ் கேட்டுல நிக்கும்போது 'பதறாத காரியம் சிதறாது'ன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்ல முடியும்? சுரங்கப்பாதை வேண்டாமுங்க, ஒரு மழை பெஞ்சா தண்ணி நிக்கும். மேம்பாலமே வேணும். சேலம் கோட்ட மேலாளருக்கும் கலெக்டருக்கும் மனு எழுதி வச்சிருக்கோம். பந்தல் வாசல்ல நோட்டு இருக்குது. வீட்டுக்கு ஒரு கையெழுத்தாவது போட்டுட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போகோணும்.