புக்கர் பணத்தில் பிறந்த ஓர் இலங்கைப் பரிசு: கிரேஷியன் பரிசின் கதை

(திரையில்: நூல் போட்டுக் கட்டிய ஒரு தட்டச்சுப் பிரதி)

வணக்கம். இந்தத் தாள்கட்டைப் பாருங்கள். அட்டை கிடையாது, பதிப்பகத்தின் பெயர் கிடையாது, யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய ஒரு நாவல், அவ்வளவுதான். நம்முடைய பெரும்பாலான இலக்கியப் பரிசுகளுக்கு இதை அனுப்ப முடியாது, புத்தகமாக வந்திருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் இலங்கையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு பரிசு இந்தக் கட்டையும் வாங்கிப் படிக்கிறது, அச்சான புத்தகத்தோடு ஒரே வரிசையில் வைத்துப் போட்டியிட விடுகிறது. கிரேஷியன் பரிசு. எனக்கு இந்தப் பரிசின் மேல் பெரிய மரியாதை உண்டு, ஏன் என்று சொல்கிறேன்.

1992-இல் மைக்கேல் ஒண்டாச்சிக்கு 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' நாவலுக்காகப் புக்கர் பரிசு கிடைத்தது. அவர் 1943-இல் கொழும்பில் பிறந்தவர், பதினோரு வயதில் இங்கிலாந்து போய், அங்கிருந்து கனடா போனவர். அந்த வருடம் புக்கர் இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது, இன்னொருவர் பாரி அன்ஸ்வொர்த். தன் பங்காகக் கிடைத்த பணத்தை வைத்து ஒண்டாச்சி பிறந்த நாட்டில் ஒரு பரிசை ஆரம்பித்தார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. அம்மா டோரிஸ் கிரேஷியனின் குடும்பப் பெயரை வைத்தார்.

விதிகளில் முக்கியமானவை மூன்று. எழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் எதுவானாலும் சரி, அச்சானதோ அச்சாகாததோ அதுவும் சரி. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: எழுதியவர் இலங்கையில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது விதி யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழருக்கு எதிரான 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போன ஷியாம் செல்வதுரை, லண்டனில் வாழ்ந்த சிவானந்தன், இப்படி வெளியே போய் எழுத்தில் பெயர் வாங்கியவர்கள். ஏன், பரிசை ஏற்படுத்திய ஒண்டாச்சியே அதற்கு விண்ணப்பிக்க முடியாது! இவர்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்தால் ஒரு இலக்கிய முகவரைப் பார்க்கலாம், பதிப்பகத்தின் கதவைத் தட்டலாம். தொண்ணூறுகளில் கண்டியிலோ காலியிலோ உட்கார்ந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதியவருக்கு அதெல்லாம் ஏது? பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டு ஐந்நூறோ ஆயிரமோ அச்சடித்து, நண்பர்களுக்குக் கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்களுக்காக வைத்த விதி இது.

முதல் பரிசு 1993-ஆம் ஆண்டுக்கானது. அதுவும் புக்கர் மாதிரியே இருவருக்குப் பகிரப்பட்டது: கார்ல் முல்லர், லலிதா விதானாச்சி. முல்லரின் 'தி ஜாம் ஃப்ரூட் ட்ரீ' ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பறங்கியர் குடும்பத்தின், அதாவது இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்த ஒரு குடும்பத்தின் கதை, குடியும் சண்டையும் கும்மாளமுமாக ஓடும். இங்கே ஒரு சின்ன விஷயம்: ஒரு ஆண்டுக்கான பரிசை அடுத்த ஆண்டில்தான் கொடுப்பார்கள், அதனால் இணையத்தில் தேடினால் ஒரே புத்தகத்துக்கு இரண்டு விதமாக வருடம் போட்டிருப்பார்கள். நான் சொல்வதெல்லாம் எந்த ஆண்டுக்கான பரிசோ அந்த ஆண்டு.

(திரையில்: ஆனையிறவு, வில்பத்து குறித்த வரைபடம்)

சரி, 2003-க்கு வருவோம். நிஹால் டி சில்வா என்பவர், அறுபது வயதை ஒட்டிய பருவத்தில் தன் முதல் நாவலை எழுதுகிறார், 'தி ரோட் ஃப்ரம் எலிஃபண்ட் பாஸ்'. அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கும் ஆனையிறவிலிருந்து தெற்கே வரும் வழி. ஒரு சிங்கள ராணுவ அதிகாரி, புலிகள் இயக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, அவளிடம் ஒரு தகவல் இருக்கிறது, அவளைக் கொழும்புக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஆனையிறவில் சண்டை வெடித்து வழி அடைபட்டுப் போக, இருவரும் கால்நடையாகக் காட்டைக் கடக்கிறார்கள். வில்பத்துக் காட்டுக்குள் பசியோடும் சந்தேகத்தோடும் நடக்கும்போது, இருவருக்குமே பறவைகளைப் பார்ப்பதில் ஆசை உண்டு என்பது தெரியவருகிறது. போர் இன்னும் முடியாத ஒரு நாட்டில், 2003-இல், இப்படி ஒரு கதைக்குப் பரிசு! அரசியலாக இந்த நாவலோடு சண்டை போட நிறைய இடம் உண்டு, ஒரு தமிழ் வாசகராக எனக்கும் சில இடங்கள் உறுத்தின. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரியை வாய் திறந்து வாதாட விட்டிருக்கிறார், அதற்காகவே படித்தேன். பின்னர் சந்திரன் ரத்னம் இதைப் படமாக எடுத்தார்.

நிஹால் டி சில்வா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 2006 மே மாதம் வில்பத்துக்குப் போயிருந்தபோது கண்ணிவெடியில் சிக்கி இறந்துபோனார். தன் பாத்திரங்களை உயிரோடு கடக்க வைத்த அதே காட்டில். அவருடைய எழுத்து வாழ்க்கை மொத்தமே சில வருடங்கள்தான்.

அடுத்தது ஷெஹான் கருணாதிலக. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தட்டச்சுப் பிரதியை ஏற்றுக்கொள்வதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2008-ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு அவருடைய 'சைனாமேன்' நாவலுக்குக் கிடைத்தபோது அது புத்தகமே கிடையாது, வெறும் தாள்கள். குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர், காணாமல் போன பிரதீப் மேத்யூ என்ற சுழற்பந்து வீச்சாளரைத் தேடுகிறார். தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த அந்தப் பந்துவீச்சாளரை ஏன் எல்லோரும் மறந்துபோனார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. பரிசுக்குப் பிறகு அதைச் சொந்தமாகவே அச்சிட்டார், அப்புறம் இந்தியாவில் வந்தது, 2011-இல் லண்டனில் வந்தது, 2012-இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசும் காமன்வெல்த் புத்தகப் பரிசும் அதற்குக் கிடைத்தன.

அதோடு முடியவில்லை. 2015-ஆம் ஆண்டுக்கான போட்டிக்கு அவர் இன்னொரு பிரதியை அனுப்பினார், பெயர் 'டெவில் டான்ஸ்'. குறும்பட்டியலுக்கு வந்தது, ஜெயிக்கவில்லை. அதைத் திருத்தித் திருத்தி எழுதி 2020-இல் இந்தியாவில் வேறு பெயரில் வெளியிட்டார். வெளிநாட்டு வாசகர்களுக்காக இன்னும் ஒருமுறை திருத்தி எழுதினார். அதுதான் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா', 2022-இன் புக்கர் பரிசு. ஒண்டாச்சி புக்கர் வாங்கி முப்பது வருடங்கள் கழித்து, அந்தப் பணத்தில் பிறந்த பரிசின் வழியாக வந்த ஒருவர் அதே புக்கர் மேடையில் நிற்கிறார், நின்று சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் பேசுகிறார். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. இது ஆங்கிலத்துக்கான பரிசு. மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ உட்கார்ந்து தமிழில் நாவல் எழுதுகிறவர் இதற்கு நேரடியாக அனுப்ப முடியாது, சிங்களத்தில் எழுதுகிறவருக்கும் அதே கதிதான். தமிழ் வீடுகளைத் தொட்ட எழுத்து இந்தப் பட்டியலில் இல்லாமல் இல்லை: தமிழரை மணந்த பறங்கியப் பெண்ணான ஜீன் அரசநாயகம், 1983-இல் அகதி முகாமில் இருந்தவர், அதைக் கவிதையாக எழுதியவர், எண்பது வயதைத் தாண்டி 2017-ஆம் ஆண்டுக்கான பரிசை வாங்கினார். அவர் எழுதியதும் ஆங்கிலத்தில்தான்.

தமிழுக்கு இருக்கும் வழி மொழிபெயர்ப்பு. கிரேஷியன் அறக்கட்டளையே எச். ஏ. ஐ. குணதிலக பெயரில் ஒரு மொழிபெயர்ப்புப் பரிசையும் வைத்திருக்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர் அவர், இலங்கை பற்றிய நூல்களுக்கெல்லாம் பெரிய நூற்பட்டியல் தொகுத்தவர். சிங்களத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஆங்கிலத்துக்குப் போகும் படைப்புகளுக்கானது அது.

இலங்கைத் தமிழ் நாவல்களில் ஆங்கிலத்துக்குப் போக வேண்டியவை நிறையக் கிடக்கின்றன, அதற்கு ஆட்கள்தான் குறைவு. இலங்கையில் இருந்துகொண்டு இரண்டு மொழியிலும் புழங்குகிறவர் நீங்கள் என்றால், உங்களுக்குப் பிடித்த ஒரு நாவலை எடுத்து, எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி வாங்கி, முதல் அத்தியாயத்தையாவது இந்த மாதம் செய்து பாருங்கள். விண்ணப்பத்துக்கான தேதியையும் விதிகளையும் அறக்கட்டளை ஒவ்வொரு முறையும் தனியாக அறிவிக்கும், அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.