அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது?
(சென்னையில் கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் தலைமையாசிரியர் பெருமக்களே, ஒருநாள் பிழைப்பை விட்டு வந்திருக்கும் காசிமேட்டுப் படகுக்காரர்களே, பின்வரிசையில் கிசுகிசுக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். வந்ததும் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அதே காசுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் போர்த்தியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

டால்பின் கணக்கெடுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்றால், "அனுமதி வரட்டும், நிதி வரட்டும்" என்கிறார்கள். அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது? ஐந்து செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, ஆள். ஒரு படகுக்கு ஆறு மாணவர் போதும். முன்னால் இருவர்: முகப்பிலிருந்து இடப்பக்கம் 90 பாகை ஒருவருக்கு, வலப்பக்கம் 90 பாகை மற்றவருக்கு. ஒருவர் கையில் பதிவேடு, ஒருவர் கையில் ஜிபிஎஸ், இருவருக்கு ஓய்வு. அரை மணிக்கொருமுறை இடம் மாற வேண்டும். அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது. "அதோ!" என்று ஒரு குரல் கேட்டால் ஆறு பேரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். படகு சாயும், மறுபக்கத்தைப் பார்க்க ஆளிருக்காது. இருந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கக் கரையிலேயே பழக்குங்கள். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். குமட்டாமல் இருக்க இரண்டு இட்லி, கண் தொடுவானத்தில்.

இரண்டாவது, அளவு. முன்கூட்டியே வரைந்த கோட்டில், மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் படகு போக வேண்டும். டால்பின் தெரிந்த நொடியே நேரம், கோணம், தூரம். 400 மீட்டர் தள்ளி, 30 பாகையில் தெரிந்தால் நம் கோட்டிலிருந்து அது 200 மீட்டர். பத்தாம் வகுப்பு சைன் கணக்குதான். அது முகப்பில் விளையாட வந்த பிறகு எழுதினால் தூரமெல்லாம் பூஜ்யமாகி, எண்ணிக்கை ஊதிவிடும். ஒவ்வொரு டால்பின் கூட்டத்துக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், நம் கணிப்பு என மூன்று எண்கள். காலையில் சென்னையிலிருந்து கிழக்கே போனால் வெயில் நேரே முகத்தில். எந்தக் கோணத்தில் கண் கூசியது என்பதும் பதிவாக வேண்டும். ஒன்றுமே தென்படாத அரை மணியும் பதிவாக வேண்டும். பிள்ளைகளுக்குக் கசக்கிற வேலை. கணக்கெடுப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் முதுகுத் துடுப்பு தெரியாது. அன்று மட்டும் என் பழமொழியை மறந்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது, தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான மணப்பாடு. 1973 ஜனவரியில் அந்தக் கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கலம், குடும்பம் டால்பின் குடும்பம். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், அதே கரைப் பகுதியில் மறுபடியும் 80க்கு மேல்! ஊர்க்காரர்கள் கைகட்டி நிற்கவில்லை. தள்ளினார்கள், படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவை என்ன செய்தன? கரைக்கே திரும்பி வந்தன! மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. கரையில் செத்ததை எண்ணிவிட்டோம். கடலில் எத்தனை என்று கேட்டால் நீட்ட நம்மிடம் ஏடு எங்கே?

நான்காவதும் ஐந்தாவதும் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. எனக்கு நீச்சல் பற்றிப் பேசியாக வேண்டும். எத்தனை மேடையில் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்பேன், தலைவர் பொறுத்தருள வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், பயத்தைப் போக்காது. 50 மீட்டர் நீந்தவும் ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் தெரிந்த பிள்ளையைத்தான் படகில் ஏற்ற வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வகுப்பறை, நீந்தத் தெரியாத மாணவர்; இதைவிட வெட்கம் உண்டா? மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; படகுக்காரர்களும் கரையில், பிள்ளைகளும் மே விடுமுறையில். அப்போது நீச்சலை முடித்தால், வடகிழக்குப் பருவமழை கழிந்து கடல் அடங்கும் பிப்ரவரியில் படகேறலாம்.

சுற்றறிக்கையின் வரைவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் பேனாவைத் திறந்தால் நான் மைக்கை விட்டுவிடுகிறேன்.